தோடும் திருகாணியும்

என் மனைவி தன் நகைகளைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிக் கழிந்த மூன்று நாட்களை எழுதி வைக்க வேண்டும் என்று ஓராண்டாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். பேனாவை எடுத்தால் அசதி வந்துவிடுகிறது. வயதின் அசதியோடு, சொன்ன சொல்லைத் திரும்பச் சுமந்த அசதியும் சேர்ந்துகொண்டது. இன்று எப்படியாவது எழுதி முடித்துவிட வேண்டும்.

கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளி வேலை சோற்றுக்கு. மனம் முழுவதும் பழைய பக்திப் பாடல்களில் கிடந்தது. எங்கள் தெருவின் அம்மன் கோயிலில் நவராத்திரி ஒன்பது மாலையும் அப்பாடல்களைப் பாடி விளக்கம் சொல்லும் பணியை நாற்பது ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது பாதாதிகேசம். இறைவியைத் திருவடியில் தொடங்கித் திருமுடி வரை, அணி அணியாகக் கண்டு, கண்டு உருகிப் பாடுகிற முறை அது. மாலைக்கு ஓர் அணி என்று வைத்துக்கொள்வேன். முதல் நாள் சிலம்பு. அவள் வருகிறாள் என்பதை நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடும் கருணை அது என்பேன். அடுத்து மெட்டி, மேகலை, வளை. மூக்குத்தி வருகிற நாளில், மூச்சு வந்து போகும் வாசலில் ஏற்றிய விளக்கு என்பேன். எட்டாம் நாள் தோடு.

தோட்டுக்கென்று கூட்டம் கூடும். ஒன்று ஞாயிறு, மற்றொன்று திங்கள் என்று தொடங்குவேன். பிறகு கடல் கடைந்த கதைக்குப் போவேன். அமுதம் உண்ட தேவர்களே ஊழியில் மாண்டுபோக, நஞ்சு உண்ட இறைவன் மட்டும் எப்படி நிலைத்தான் என்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றே சற்று நிறுத்துவேன். "அது அவன் வலிமையா? அவள் செவியில் கிடக்கும் தோட்டின் வலிமை! அந்தத் தோடு கழலாத வரை அவனுக்குச் சாவில்லை!" என்று குரலை உயர்த்துவேன். இது என் கற்பனை அன்று. பழைய துதிகளில் வழிவழியாக வரும் கருத்துத்தான். ஆனால் குரலை உயர்த்தியது நான். கேட்டிருக்கும் பெண்களின் கைகள் தாமாகவே காதுக்குப் போகும். மூன்றாம் வரிசையில் தூணோரம் அமர்ந்திருக்கும் என் மனைவியின் கையும் போகும். அதைக் கண்டு நான் மகிழ்ந்ததுண்டு. கேட்டவர் மனத்தில் சொல் பதிந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

சென்ற ஆண்டு கோடையில் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தலையில் சிறு வீக்கம். இரண்டு நாளில் வற்றிவிட்டது. ஒரு மாதம் கழித்துத் தலைவலி என்றாள். பிறகு காப்பித் தம்ளர் வலக்கையிலிருந்து நழுவியது. ஒரு நாள் நழுவினால் கைதவறல். மூன்று நாள் தொடர்ந்து நழுவியது. கல்யாணமாகி உள்ளூரிலேயே இருக்கும் எங்கள் மகள், மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் கையைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். சிரிப்பு ஒரு பக்கம் சற்றுக் குறைந்திருந்தது. தலைக்குள் என்ன என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், நாளைக் கடத்தக் கூடாது என்றார்.

அன்றே ஸ்கேன் மையத்துக்குப் போனோம். நகைகளையெல்லாம் கழற்ற வேண்டும் என்று படம் எடுக்கும் பெண் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போலப் பேசும் நல்ல பிள்ளை.

"ஆச்சி, காது, மூக்கு, கழுத்து, காலு, எதுலயும் ஒண்ணும் இருக்கக் கூடாது. உள்ள பெரிய காந்தம் கெடக்கு."

"தங்கத்தைக் காந்தம் இழுக்காது தாயி. எங்க வீட்டுல அவிய வாத்தியாரு."

"இழுக்காட்டியும் படம் கெட்டுப்போகும் ஆச்சி. சூடாகி உங்களுக்கும் சுட்டுரும்."

"அப்பம் எனக்குப் படம் வேண்டாம்."

மகள் குனிந்து காதோரம் ஏதோ கெஞ்சினாள். என் மனைவி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அருகில் தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு மூதாட்டி இதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஓட்டப்பிடாரம் பக்கத்தில் ஆடு வளர்க்கும் குடும்பமாம். பாம்படம் போட்டு வளர்த்த காதுகள் தோள் வரை வெறுமையாகத் தொங்கின.

"கழத்திக் குடு தாயி," என்றார் அவர். "நான் பாம்படத்தைக் கழத்திப் பத்து வருசமாச்சு. எங்க வீட்டுக் கெழவரு இன்னைக்கும் நாப்பது ஆட்டைப் பத்திக்கிட்டுக் காட்டுக்குப் போறாரு. ஒரு தும்மல்கூடக் கெடையாது. அவரு போய்ச் சேந்தாத்தான் எனக்கு ஒரு வேளையாவது நிம்மதியாச் சோறு எறங்கும்."

படம் எடுக்கும் பெண்கூடச் சிரித்துவிட்டாள். என் மனைவி சிரிக்கவில்லை.

"அவியளுக்கு நெஞ்சுல கம்பி இல்லேல்லா," என்றாள்.

"கம்பியா?"

"எங்க வீட்டு அவியளுக்கு ரத்தக் குழாய்க்குள்ள கம்பி வச்சிருக்கு. ஆறு வருசமா அது நிக்குது. நான் இதைக் கழத்தினா நிக்குமா?"

சொல்லிவிட்டு இடக்கையால் தோட்டைத் தொட்டாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. மதுரையில் எனக்கு நெஞ்சில் கம்பி வைத்தபோது அவள் ஏழு நாள் மருத்துவமனை வராந்தாவில் இருந்தாள். அந்த ஏழு நாளும் நான் பிழைத்துக் கிடந்ததற்கு அவள் தன்னளவில் ஒரு காரணம் வைத்திருந்தாள். அந்தக் காரணத்தை அவளுக்கு எட்டாம் நாள் மாலைகளில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னவன் நான்.

அன்று படம் எடுக்காமல் திரும்பினோம். வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் மகள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாம் நீங்க பண்ணி வச்சதுப்பா. நீங்களே சரி பண்ணுங்க."

சரி பண்ணுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி பேசுவது. மாலையில் அவள் கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நகைகளின் பொருள் காலந்தோறும் மாறி வந்ததை எடுத்துச் சொன்னேன். இன்று மனைவியின் அடையாளமாக இருக்கும் தாலி என்ற சொல், முன்பு குழந்தையின் கழுத்தில் கட்டிய காவலணிக்கும் வழங்கியது. திருமாலின் ஐந்து படைகளையும் சிறு உருவாகச் செய்து கோத்து ஐம்படைத் தாலி என்று கட்டினார்கள். வேட்டுவக் குடியில் புலிப்பல்லைக் கோத்துக் கட்டினார்கள். ஆண்களும் காதில் குழை அணிந்தார்கள். மாதொருபாகனாகிய இறைவனே ஒரு செவியில் தோடும் மறு செவியில் குழையுமாக நிற்கிறான். ஆகவே பொன்னுக்கு என்று பிறவியிலேயே ஒரு பொருள் இல்லை, அணிகிற மனம்தான் பொருளை ஏற்றுகிறது. இப்படியெல்லாம் அரைமணி நேரம் பேசினேன். கோயிலில் கேட்பது போலவே கேட்டாள். முடித்தவுடன், "நல்லாச் சொல்லுதீங்க," என்றாள்.

"அப்படியானா நாளைக்குப் போவமா?"

"ஆதிச்சநல்லூர்ல ஒரு படம் பாத்தமே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஆற்றங்கரைக் கோயில்களுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அங்கே இறங்கினோம். இறந்தவரைத் தாழியில் வைத்துப் புதைத்த மேடு. தாழிகளோடு கிடைத்த பொன் நெற்றிப்பட்டத்தின் படத்தைக் காட்டினார்கள். கையால் தட்டி மெலிதாக்கிய தகடு. நான் அதன் காலத்தைப் பற்றி அவளிடம் பேசிக்கொண்டே வந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: இவ்வளவு தங்கத்தை யாரும் உருக்காமல் எப்படி விட்டார்கள்?

இப்போது அதற்கு அவளே பதில் சொன்னாள். "செத்தபெறகும் யாரும் கழத்தலைங்க. கழத்தக் கூடாதுன்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுவும் ஒரு மனசுதான?"

என் வாதத்தையே எடுத்து என் முன் வைத்துவிட்டாள்.

மறுநாள் மகள் ஒரு வழி கொண்டுவந்தாள். தாலியைக் கழற்ற நேர்ந்தால் மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிக் கழுத்தில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கயிற்றையும் மஞ்சளையும் வாங்கியே வந்துவிட்டாள். என் மனைவி அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"தாலிக்கு மஞ்சள் இருக்கு. சரி. மெட்டியும் போகட்டும், அது என்னைக்கோ நெளிஞ்ச மெட்டி. தோட்டுக்கு என்னட்டி இருக்கு?"

மகள் என் பக்கம் திரும்பினாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆதியில் தோடு என்பதே பனையோலைச் சுருள்தான். ஓலையைச் சுருட்டிக் காதுத் துளையில் செருகினார்கள். பொன் தோடு அதற்குப் பின் வந்தது. பனைக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. ஓலைக்குக் காந்தமும் ஒன்றும் செய்யாது. பெரிய உண்மையைக் கண்டுவிட்டவன் போல அவசரமாகச் சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மேடையில ஓலைன்னா சொன்னீங்க? சூரியன், சந்திரன்னுல்லா சொன்னீங்க. இப்பம் வீட்டுல வந்து ஓலைங்குதீங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை, நான் பூசையை முடித்துவிட்டு வெளியே வந்தபோது அவள் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் உப்புச் சாடி. அடுப்பில் ஏதோ கொதித்தது. அவள் சாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு என்னங்க பேரு?" என்று கேட்டாள்.

"உப்பு."

"ஆமா, உப்பு," என்றாள். இரண்டு முறை அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சாடியைத் திறக்காமலே இருந்த இடத்தில் வைத்தாள்.

நான் அடுப்பை அணைத்தேன். அவளைக் கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்தேன். வாழ்நாளெல்லாம் சொற்களை வைத்துப் பிழைத்தவன் நான். அவளிடமிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. தோடு மட்டும் கழலவில்லை. வரலாறு பயன்படவில்லை, வழக்கம் பயன்படவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். பூசையறைப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

"இங்க பாரு. அந்தத் தோட்டுக் கதை இருக்குல்லா, அது பொய்."

"எது?"

"தோடு கழலாத வரைக்கும் புருசனுக்குச் சாவில்லைன்னு சொல்லுவேனே, அது. கூட்டம் கேக்கணும்னு சொன்னது."

அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கணக்குப் போடுகிறவளைப் போல என்னையே பார்த்தாள்.

"நாப்பது வருசமாவா?"

"ஆமா."

"எல்லாமே பொய்யா? மூக்குத்தி, விளக்குன்னு சொன்னது?"

"அது இல்ல. தோட்டுக் கதை மட்டும்."

"கோயில்ல உக்காந்தா சொன்னீங்க?"

அவள் இடக்கையைத் தூக்கி வலக்காதுத் தோட்டைப் பிடித்தாள். பிறகு, முந்தின இரவு எங்களோடு தங்கியிருந்த மகளைக் கூப்பிட்டாள். "ஏட்டி, இங்க வா. என் கை ஓடல. இதைக் கழத்திரு."

மூக்குத்தியின் திருகு மூக்கோடு இறுகிப்போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், அசையவில்லை. நகைப்பட்டறைக்குக் கூட்டிப்போனோம். பத்தர் சிறு குறடால் பிடித்து அலுங்காமல் திருப்பி எடுத்துவிட்டார். மெட்டிதான் வரவில்லை. விரல் தடித்துவிட்டது. நூலைச் சுற்றி இழுத்துப் பார்த்தார், சோப்புப் போட்டுப் பார்த்தார், கடைசியில் வெட்டினார். எங்கள் திருமணத்தன்று அம்மிமேல் வைத்த அந்தக் காலில் நானே குனிந்து போட்ட மெட்டி. கல்யாணமான புதிதில் எப்போதும்வென்றான் கிராமத்துக்கு அருகே அவள் பிறந்த ஊரில், மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டில் விதைக்கப் போய் அதில் ஒன்றைச் சேற்றில் விட்டுவிட்டாள். அந்த மண் காலைப் பிடித்தால் செருப்பையே வாங்கிக்கொள்ளும்; மெட்டி எம்மாத்திரம். அடுத்த உழவில் அவள் தம்பி அதைக் கண்டெடுத்துக் கொடுத்தான். பத்தர் வெட்டி விரித்தபோது வெள்ளியின் உள்பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. அந்த மண் என்று நினைக்க எனக்கு ஆசையாக இருந்தது. வெறும் அழுக்காகத்தான் இருக்கும்.

தாலியைக் கழற்றும் முன் மஞ்சள் கயிற்றை நான் கட்டினேன். மணவறையில் முதல் முடிச்சை நான் போட, மற்ற இரண்டையும் என் தங்கை போட்டாள். தங்கை இப்போது இல்லை. மூன்று முடிச்சையும் நானே போட்டேன். "இறுக்காதீங்க, அவுக்கணும்ல்லா," என்றாள் அவள்.

ஸ்கேன் மையத்தில் அதே பெண், "இப்பம் எப்படி ஆச்சி மனசு எறங்குச்சு?" என்று கேட்டாள்.

"அவிய பொய்யின்னு சொல்லிட்டாக," என்று பதில் சொல்லிவிட்டு என் மனைவி உள்ளே போனாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கியிராது.

கதவு மூடியது. மகளின் கைக்குட்டையில் முடிந்த நகைகள் என் மடியில் இருந்தன. உள்ளே அந்த இயந்திரம் இடித்த இடி வெளியே கேட்டது. நாற்பது ஆண்டுகள் அணி அணியாகப் பாடியவன் அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். தோட்டின் கற்களில் ஒன்று மங்கியிருந்தது. எப்போது மங்கியதென்று எனக்குத் தெரியாது. ஒரு பாட்டும் நினைவுக்கு வரவில்லை. வழிபடும் தெய்வத்தின் தோட்டைப் பொய் என்று சொன்ன வாயால் அவளையே அழைப்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் நான் அதைப் பொய் என்று ஒருநாளும் நம்பியதில்லை. இன்றும் நம்பவில்லை. என் மனைவியின் தோட்டுக்கும் என் உயிருக்கும் முடிச்சுப் போட்டதில்தான் எங்கோ பிழை இருக்கிறது. அம்முடிச்சை நான் போட்டேனா அவள் போட்டாளா என்பதை இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மூளையின் உறைக்கு அடியில் பழைய இரத்தம் தேங்கியிருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் மண்டையில் சிறு துளையிட்டு எடுத்தார்கள். இன்னும் சில நாட்கள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். மகள் என் பக்கம் பார்க்காமல் கேட்டுக்கொண்டாள். சொற்கள் அநேகமாக எல்லாம் திரும்பிவிட்டன. வலக்கையில் சிறு தளர்ச்சி மட்டும் நின்றுவிட்டது.

ஊர் திரும்பிய மறுநாள் தாலியைப் புது மஞ்சள் கயிற்றில் கோக்கச் சொன்னாள். நல்ல நாள் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? கழுத்துல கெடந்தாத் தொலையாம இருக்கும்," என்றாள். மூக்குத்தி வேண்டாம் என்றாள். துளை தூர்ந்து வருகிறது. மெட்டியை ஒட்டவைக்கச் சொல்லவேயில்லை. மருத்துவமனையில் மொட்டையடித்த தலையில் முடி வளர்ந்ததும் அதைப் பற்றித்தான் மகிழ்ந்தாள். ஒருநாள் என் மார்பில் கை வைத்து, "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. அதில் என் நாற்பது ஆண்டுப் பேச்சும் சேர்ந்து இறங்கிவிட்டது. அவளுக்கு அது தெரிந்திருந்தாலும் சொல்லிக்காட்டுகிறவள் அல்லள்.

நவராத்திரி வந்தது. கோயிலில் வழக்கம்போலக் கேட்டார்கள். உடல் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. ஏழு மாலை எப்படியோ ஓடிற்று. எட்டாம் நாள் மாலை நான் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் தோடுகளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதைப் போட்டு விடுங்க. வெறுங்காதோட வந்தா நாலு பேரு என்னன்னு நெனப்பாக. எனக்குக் கை வணங்க மாட்டேங்குது. மக வரதுக்குள்ள பூசை ஆரம்பிச்சிருவாக."

விளக்குக்கு அருகில் அவளை உட்கார வைத்துக்கொண்டு குனிந்தேன். துளை கண்ணுக்குத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். தோட்டின் தண்டு உள்ளே போயிற்று. பின்னாலிருந்து திருகாணியைத் திருகினேன். பிடிக்கவில்லை. நழுவி மடியில் விழுந்தது. எடுத்து மறுபடியும் திருகினேன்.

"வலிக்குதா?"

"வலிக்கல. ஏறவும் இல்ல. எந்தப் பக்கம் திருகுதீங்க?"

"இந்தப் பக்கம்."

"அது கழத்துத பக்கம்." தோள் குலுங்கச் சிரித்தாள். "நாப்பது வருசமாத் தோட்டைப் பத்திப் பேசுதீங்க. திருகாணி எந்தப் பக்கம் ஏறும்னு தெரியலயே உங்களுக்கு."

மறுபக்கம் திருகினேன். ஏறியது. இரண்டாவது காதுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. எழுந்து நிற்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்குத் தோடுதான? நஞ்சு உண்ட கதையைச் சொல்லப் போறீங்களா?"

"தெரியல."

"சொல்லுங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும்."

அவள் அதைக் கருணையோடுதான் சொன்னாள். எனக்குத்தான் செருப்பை மாட்டுவதற்குச் சற்று நேரமாயிற்று.

கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. தோட்டைப் பாடும் பாட்டைத் தொடங்கினேன். குரல் பழைய இடத்துக்குப் போகவில்லை. தாழ்ந்த சுருதியிலேயே பாடி முடித்தேன். நிறுத்தும் இடம் வந்தது. என் கேள்விக்காகப் பெண்கள் காத்திருந்தார்கள். சிலருடைய கைகள் பாதி எழுந்துவிட்டன. நான் கேட்கவில்லை. ஏட்டைப் புரட்டி, விளக்கம் ஒன்றும் சொல்லாமல், அடுத்த பாட்டுக்குப் போனேன். மறுநாளைக்கு உரிய, நெற்றிச் சுட்டியைப் பற்றிய பாட்டு. கூட்டத்தில் ஒரு சிறு சலசலப்பு எழுந்து அடங்கியது.

மூன்றாம் வரிசையில், தூணோரம், என் மனைவி இடக்கையை உயர்த்திக் காதைத் தொட்டாள். பழைய பழக்கம் என்று நினைத்தேன். அவள் விரல் தோட்டின் முன்பக்கம் நிற்காமல் பின்னுக்குப் போயிற்று. நான் திருகிய திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, அரைச் சுற்று இறுக்கிக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.